திருப்பணி நிறைவு அறிக்கை: ஊருணியும் தலைக்காவிரித் தீர்த்தமும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நம் சிவன் கோயில் திருப்பணி நிறைவடைந்து, கடந்த தை மாதம் குடமுழுக்கு நடந்தது. 48 நாள் மண்டல பூசையும் முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு முழுவதையும் ரசீது எண்ணோடு முன்மண்டபப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். எனவே இங்கே தொகைகளைத் திரும்ப எழுதவில்லை. எந்த வேலையை ஏன் அப்படிச் செய்தோம் என்பதைச் சொல்லவே இந்த அறிக்கை. வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் உறுப்பினர்கள் பலர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். ராஜகோபுரம் கட்டாமல், ஊர்க் குளமான ஊருணிக்கு ஏன் இவ்வளவு செலவு? ராமேஸ்வரம் பக்கத்திலேயே இருக்க, தீர்த்தம் எடுக்கக் குடகு வரை ஏன் போனீர்கள்? எங்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: தண்ணீர்.

முதலில் சுவர்களைப் பற்றி. சேதுக்கரைக்கும் கீழக்கரைக்கும் இடையில் கடலை ஒட்டியிருக்கும் நம் ஊரில் நிலத்தின் ஈரமே உப்பு ஈரம். முந்தைய பழுதுபார்ப்பின்போது பழைய சுண்ணாம்புக் காரைக்கு மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அடியிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சிமெண்டைத் தாண்டி வெளியே வர முடியாமல் உள்ளேயே நின்றுவிடும். அங்கே அது காயும்போது உப்பு பூத்து, பூச்சைத் தள்ளி உதிர்த்துவிடும். கருவறைப் புறச்சுவர் பொரிந்து கிடந்ததற்கு அதுதான் காரணம். சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, நல்ல தண்ணீரால் சுவரைத் திரும்பத் திரும்பக் கழுவி, கடுக்காயும் பனங்கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புக் காரையையே பூசினோம். இதிலும் உப்பு பூக்கும். ஆனால் ஈரம் வெளியேறிவிடுவதால் கல்லுக்குக் கேடு குறைவு, பூச்சை மட்டும் புதுப்பித்தால் போதும். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் பவளக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஒரு துண்டு பவளக்கல்லும் வேலைக்குள் வரக்கூடாது என்று ஸ்தபதியாரிடம் முதல் நாளே சொல்லி, உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லை நீற்றித்தான் பயன்படுத்தினோம்.

விமானத்துச் சுதை வேலை, மடைப்பள்ளித் தளம், மின் இணைப்பு எல்லாம் நீங்கள் நேரில் பார்த்தவை. அப்புறம் ஊருணி.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். கடலோரத்தில் மண்ணுக்கடியில் உப்புநீருக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு படலம்போல மிதந்து நிற்கிறது. மழைநீர் இறங்கி அதை ஈடுசெய்யாவிட்டால், இறைக்க இறைக்க உப்பு மேலே வரும். ஊருணி நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகள் இனிக்கும், வற்றினால் கரிக்கும். பெரியவர்கள் கோயிலையும் ஊருணியையும் சேர்த்தே அமைத்தது காரணமில்லாமல் இல்லை. நம் ஊருணியில் சீமைக்கருவேலம் மண்டி, மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து போயிருந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள், ஊருணியும் காய்ந்து கிடந்தது. அப்போதே தூர்வாரத் தொடங்கினோம். கூலிக்கு வந்தவர்களில் பலர் கடைசி வாரக் கூலியை உண்டியலில் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு இந்தக் குழு என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அள்ளிய கரம்பை மண்ணை விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

சரி, குடகில் உள்ள தலைக்காவிரிக்கு வருவோம். நம் தெருக்குழாயில் வரும் குடிநீர் காவிரி நீர். திருச்சி அருகே ஆற்றுப்படுகையில் எடுத்து, கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வழியாகப் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கும் கொடுத்து நம்மிடம் வந்து சேர்கிறது. தினமும் குடிக்கிற அந்த நீர் பிறக்கும் இடத்தை வணங்கி, அங்கிருந்து ஒரு குடம் கொண்டுவந்து நம் கலசத்தில் சேர்க்க வேண்டும் என்பது குழுவின் ஒருமித்த ஆசை.

ஐப்பசி பிறக்கும் துலா சங்கிரமணத்தன்று தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்கி வரும் நேரத்தைக் கணித்து அறிவிப்பார்கள். அன்று குடகே அங்கே திரண்டிருக்கும். மூத்தவர்கள் நெரிசலில் சிக்க வேண்டாம் என்று, சங்கிரமணம் கழிந்து, ஐப்பசிக்குள்ளேயே போனோம். குருக்களும் குழுவினரும் உறுப்பினர் குடும்பத்துப் பெண்கள் சிலருமாக வேனில் மதுரை, சத்தியமங்கலம் வழியாகப் பயணம். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் பகலிலேயே ஏறிவிட்டோம். பிறகு மைசூரு, குஷால்நகர், மடிக்கேரி, பாகமண்டலம்.

பாகமண்டலத்தில் காவிரியோடு கன்னிகை கலக்கிறது, சுஜோதி கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்வதாக ஐதீகம். அங்குள்ள பகண்டேஸ்வரர் கோயில் கேரளப் பாணியில் சரிவான கூரைகளோடு இருக்கிறது. நம் மழையைப் போலப் பல மடங்கு பெய்கிற ஊர். தண்ணீரைச் சீக்கிரம் வழியவிட வேண்டும் என்பதற்காகவே கட்டிய கூரைகள் அவை. நமக்கோ ஒரு சொட்டும் வீணாகக்கூடாது. திரும்பி வந்ததும் மண்டபத் தளத்தின் நீர்த்தாரைகளை ஊருணியோடு இணைத்தது, அந்தக் கூரைகளைப் பார்த்து வந்த யோசனைதான்.

அங்கிருந்து 8 கிலோமீட்டர் மேலே, பிரம்மகிரிச் சரிவில், 1,276 மீட்டர் உயரத்தில் தலைக்காவிரி. பனி இறங்கிக்கொண்டே இருந்தது. கோயில் என்றால் நாம் கோபுரத்தைத் தேடுவோம். அங்கே காவேரியம்மனுக்கு இருப்பது ஒரு சிறு சந்நிதி. அதையொட்டி, குண்டிகை எனப்படும் சின்னச் சதுரத் தொட்டி. அதில்தான் காவிரி ஊறுகிறாள். முன்னால் பெரிய தீர்த்தக்குளம். அங்கிருந்து நீர் பூமிக்குள் மறைந்து, கீழே தள்ளி ஆறாக வெளிப்படுகிறது. கடற்கரை மணலில் நம் பெண்கள் தோண்டி, சிரட்டையால் மொண்டு எடுப்பார்களே, அந்த ஊற்றின் அளவுதான் இருக்கும். “நம்ம ஊத்து மாதிரியே இருக்கே” என்று ஒரு அம்மா சொல்லிவிட்டு அழுதுவிட்டார். எங்களுக்கும் பேச்சு வரவில்லை.

குண்டிகைக்குள் யாரும் கையை விடுவதில்லை. அர்ச்சகரே மொண்டு தருகிறார், நீராடுவது பெரிய குளத்தில். குடகு மக்கள் இந்தத் தீர்த்தத்தை வீட்டில் வைத்துப் போற்றுகிறார்கள். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் விடுவதும் இதைத்தான். மேலே அகத்தீஸ்வரரையும் விநாயகரையும் தரிசித்தோம். அகத்தியர் கமண்டலத்தை விநாயகர் காகமாக வந்து கவிழ்த்த கதையைக் குருக்கள் சந்நிதியிலேயே சொன்னார். 2020 ஆகஸ்டில் கனமழையில் பிரம்மகிரி சரிந்து, அக்கோயில் தலைமை அர்ச்சகரும் குடும்பத்தாரும் உயிரிழந்தார்கள். அவர்களை நினைத்து நம் சார்பில் விளக்கேற்றி வந்தோம்.

செப்புக் குடத்தில் பெற்ற தீர்த்தத்தை மெழுகால் மூடிக் கொண்டுவந்து, தை வரை தினமும் பூசை செய்து வைத்திருந்தோம். குடமுழுக்கு அன்று சேதுக்கரைக் கடல் நீர், ராமேஸ்வரம் அக்கினி தீர்த்தம், ஆற்றங்கரையில் எடுத்த வைகை நீர் ஆகியவற்றோடு அதுவும் கலசமேறியது. மீதியை மாலையில் ஊருணியில் சேர்த்தோம். அப்போது ஊருணியில் மூன்றாம் படி வரை தண்ணீர் நின்றது.

இனி பாக்கியிருப்பவை: வரத்துக்கால் சாலையைக் கடக்கும் இடத்தில் உள்ள சிறுபாலம் இன்னும் அடைபட்டுத்தான் இருக்கிறது. அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். கையிருப்பில் உள்ள தொகையை அந்த வேலைக்கே ஒதுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். ஊருணிக்குள் துணி துவைப்பதையும் வாகனம் கழுவுவதையும் தவிர்க்குமாறு எல்லா வீடுகளையும் கேட்டுக்கொள்கிறோம். முளைக்கும் சீமைக்கருவேலங்கன்றுகளைப் பிடுங்கும் பணி மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நடக்கும். வர முடிந்தவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்