பரிசோதனைத் தாளில் மூன்று வரிகள் எழுதித் தாருங்கள்

வட மாகாணத்தின் சுகாதாரத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் யாழ். மாவட்டத்தில் இரத்தப் பரிசோதனை நிலையங்களை நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். கலியாணப் பேச்சு முற்றாகும் வேளையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துபார்க்கும் வழக்கம் எங்கள் குடும்பங்களுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சாதகம் பொருந்தி, சீதனம் பேசி முடிந்து, பொன்னுருக்கலுக்கு நாள் வைப்பதற்கு முன்பாக, “ரிப்போட்டையும் ஒருக்கா மாத்திப் பாப்பம்” என்று இரு வீட்டுப் பெரியவர்களும் தணிந்த குரலில் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வழக்கத்தை நான் குறைகூறவில்லை. அந்தத் தாளில் எழுதப்படாமல் விடப்படுவதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். எச்.ஐ.வி. பரிசோதனை அறிக்கை ஒவ்வொன்றிலும், இரத்தம் எடுத்த திகதி எது, செய்யப்பட்டது எந்த வகைப் பரிசோதனை, அந்தத் திகதிக்கு முந்திய எத்தனை நாட்களைப் பற்றி அந்தப் பரிசோதனையால் உறுதி சொல்ல முடியாது என்ற மூன்று விடயங்களும் தமிழில் அச்சிடப்பட வேண்டும். இரத்தம் கொடுத்தவரைத் தனியே இருத்தி, அதை அவருக்கு விளங்கப்படுத்திய பின்னரே தாளைக் கையில் கொடுக்க வேண்டும்.

இதை எழுதத் தூண்டியது என் பெறாமகளின் கலியாணம். மாப்பிள்ளை ஐரோப்பிய நாடொன்றில் வேலைசெய்பவர். மூன்று கிழமை விடுமுறையில் வந்திருந்தார். வந்து இறங்கிய கிழமையே இரத்தம் கொடுத்தார். தனியார் நிலையம் ஒன்று அடுத்த நாளே தந்த தாளில் அவருடைய பெயருக்கும் வயதுக்கும் கீழே ‘எச்.ஐ.வி.: நொன் ரியாக்ரிவ்’ (தொற்றின் அடையாளம் தென்படவில்லை) என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது, வேறொன்றும் இல்லை. வீடு முழுவதும் நிம்மதி அடைந்தது. என் பெறாமகள் மட்டும் அந்தத் தாளை இரண்டாம் முறை வாசித்துவிட்டு, மாப்பிள்ளையிடம் தனியாக, “இது எத்தனை நாளைக்கு முந்தின நிலைமையைச் சொல்லும் என்று உங்களுக்குச் சொன்னவையா?” என்று கேட்டாள். அவர் நேர்மையான பிள்ளை. வெளிநாட்டில் தனக்கு ஓர் உறவு இருந்ததையும், புறப்படுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர்தான் அது முடிந்ததையும் மறைக்காமல் சொன்னார். பரிசோதனை நிலையத்தில் தன்னிடம் எவரும் எதுவும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை என்றும் சொன்னார்.

இருவரும் அந்த நிலையத்துக்குத் திரும்பிப் போனார்கள். காசு கட்டும் மேசைக்கு முன்னால், பின்னே ஆட்கள் வரிசையில் நிற்க, எந்த வகைப் பரிசோதனை செய்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, “நெகற்றிவ் எண்டால் நெகற்றிவ்தான் தங்கச்சி, ஏன் பயப்பிடுறியள்?” என்பதுதான் பதிலாகக் கிடைத்தது. எந்தக் கருவியால், எந்த முறையால் பார்த்தார்கள் என்பதை அங்கிருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே ஒரு வைத்தியர் கதவைச் சாத்தி வைத்துவிட்டு ஆறுதலாக எல்லாவற்றையும் விளக்கினார். கணக்குப் பார்த்து, இன்ன திகதிக்குப் பிறகு இன்னொரு முறை பரிசோதித்தால் போதும் என்றார். அந்தத் திகதி முகூர்த்தத்துக்குப் பின்னே விழுந்தது. பிள்ளைகள் இருவரும் பேசிக் கலியாணத்தைத் தள்ளிவைத்தார்கள்.

அதன்பிறகு நடந்ததைத்தான் நீங்கள் அறிய வேண்டும். மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணம் போனதைப் பற்றி எங்களுக்கு வருத்தமில்லை. தள்ளிப்போன கலியாணத்துக்கு ஊர் ஒரு காரணம் தேடியது. பரிசோதனை நிலையத்தில் அந்தப் பிள்ளை கேள்வி கேட்டதைக் கண்டவர்கள் அந்தக் காரணத்தை வழங்கினார்கள். “பெடிச்சிக்கு அந்த வருத்தமாம்” என்ற கதை கோயில் வீதிவரை போயிற்று. அவளுடைய அறிக்கையில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அவளுக்கு ஐயம் எழுப்பும் காரணம் எதுவும் இருக்கவுமில்லை. சரியான கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்; அவளுடைய பெயரோடுதான் நோயின் பெயரை ஒட்டினார்கள். அவள் கந்தோருக்குப் போய்வரும் வழியை மாற்றிக்கொண்டாள். தாய் திருவிழாவுக்குப் போகவில்லை. மாப்பிள்ளை திரும்பிப்போய், உரிய காலம் கழிந்தபின் மீண்டும் பரிசோதித்து, தொற்று இல்லை என்ற முடிவை அனுப்பியிருக்கிறார். கலியாணம் நடக்கத்தான் போகிறது. ஆனால் அந்தக் கதையைத் திருப்பி எடுக்க எவர் வருவார்? முதல் தாளிலேயே அந்த மூன்று வரிகளும் இருந்திருந்தால், கேள்வியை அந்தத் தாளே எழுப்பியிருக்கும். ஒரு பெண்பிள்ளை வரிசையில் நின்று எழுப்பியிருக்க வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரிந்த அறிவியலைத்தான் நான் இங்கே எழுதப்போகிறேன். உங்கள் தாள்களில் அது இல்லாதபடியால் எழுத வேண்டியிருக்கிறது. விதைத்த நெல் மறுநாளே முளை காட்டாதது போல, எச்.ஐ.வி. கிருமியும் உடலுக்குள் புகுந்த மறுநாளே பரிசோதனையில் அகப்படுவதில்லை. தொற்று ஏற்பட்ட நாளுக்கும் அது பரிசோதனையில் தெரியவரும் நாளுக்கும் நடுவிலுள்ள காலத்தைத்தான் மருத்துவர்கள் சாளரக் காலம் என்கிறார்கள். அது எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே அளவானதும் அன்று. கிருமியின் மரபணுப் பொருளையே தேடும் பரிசோதனை 10 முதல் 33 நாட்களுக்குள் தொற்றைக் காட்டக்கூடும். பி24 என்ற கிருமிப் புரதத்தையும், கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளையும் ஒன்றாகத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு, கை நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வுகூடத்தில் பார்த்தால், 18 முதல் 45 நாட்கள் ஆகலாம். பிறபொருளெதிரிகளை மட்டும் தேடும் பரிசோதனைகளுக்கு 23 முதல் 90 நாட்கள் வரை செல்லும்; விரல் நுனியில் குத்தி எடுத்த துளியில் செய்யும் துரிதப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே ‘நொன் ரியாக்ரிவ்’ என்ற அதே சொல், ஒரு நிலையத்துத் தாளில் ஒன்றரை மாதத்துக்கு முந்தியவற்றைப் பற்றிய உறுதியாகவும், இன்னொரு நிலையத்துத் தாளில் மூன்று மாதத்துக்கு முந்தியவற்றைப் பற்றிய உறுதியாகவும் இருக்கக்கூடும். எது எந்த உறுதி என்பதைத் தாளைப் பார்க்கும் தாய் தகப்பன் எப்படி அறிவார்கள்?

இந்த நாட்களைக் கலியாண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணக்கூடாது. தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய கடைசித் தொடர்பிலிருந்து இரத்தம் எடுத்த நாள்வரை எண்ண வேண்டும். விடுமுறைக்கு வந்து, பெண் பார்த்து, தாலி கட்டி, திரும்பிப் போகும் எங்கள் கலியாணங்களில் இந்தக் கணக்குத்தான் முதலில் தவறுகிறது. தொற்றிய முதற் கிழமைகளில் இரத்தத்தில் கிருமியின் அளவு மிக உயர்ந்திருக்கும். பரிசோதனை ஒன்றும் இல்லை என்று சொல்லக்கூடிய அந்த நாட்களிலேயே அடுத்தவருக்குக் கடத்தும் வாய்ப்பும் அதிகம். வெளிநாட்டு மாப்பிள்ளைகளைச் சந்தேகிக்கும்படி நான் சொல்லவில்லை. உள்ளூரில் இருப்பவர்களுக்கும், பெண்பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிக்கும் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி. பரிசோதனை 2002ஆம் ஆண்டு முதல் சேர்க்கப்பட்டிருக்கிறது. தாலி கட்டி, பதிவும் முடித்து, ஸ்பொன்சர் வேலைகள் தொடங்கிய பிறகு வரும் அந்தச் சோதனையில்தான் ஒரு பெண் தன் நிலையை முதன்முதலாக அறிகிறாள் என்றால், அந்த அறிவு அவளுக்குப் பிந்தி வந்திருக்கிறது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. முதற் பரிசோதனையில் ‘ரியாக்ரிவ்’, அதாவது தொற்று இருக்கலாம், என்று வந்தால் அது நோய் உறுதியானதாக ஆகாது. வேறு பரிசோதனைகளால் உறுதிப்படுத்திய பின்னரே அப்படிச் சொல்ல முடியும். தொற்று இல்லாதவர்களுக்கும் முதற் பரிசோதனை சில வேளைகளில் அப்படிக் காட்டிவிடும். அத்தகைய தாளைத் தரகரிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ கொடுத்துவிடுவது ஒரு வாழ்க்கையை அழிக்கும் செயல். இரத்தம் எவருடையதோ, முடிவும் அவருக்கே உரியது. அவர் விரும்பினால் பிறருக்குக் காட்டட்டும்.

கலியாணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டும் என்று மேடைகளில் பேசுவோர் இருக்கிறார்கள். அதை நான் கேட்கவில்லை. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலம் 1988இல் அப்படியொரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. முதல் ஆறு மாதங்களில் பரிசோதித்த ஏறத்தாழ 70,000 பேரில் தொற்றுக் கண்டவர்கள் 8 பேர். கலியாணம் செய்ய இருந்த பலர் அயல் மாநிலங்களுக்குப் போய்ப் பதிவுசெய்தார்கள். 1989இல் சட்டம் கைவிடப்பட்டது. வற்புறுத்திப் பெறும் தாளை எல்லாரும் பெட்டிக்குள் வைப்பார்கள், விளங்கிக்கொள்ள மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் சம்மதம், இரகசியம், ஆலோசனை, சரியான முடிவு, சிகிச்சையோடு இணைத்தல் ஆகியவற்றையே பரிசோதனைக்கு அடிப்படையாக வைத்திருக்கிறது.

இவ்வளவு பேசும்போது பாடசாலைகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இனப்பெருக்கம் பற்றிய பாடத்தைப் பிள்ளைகளிடம் “வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிடும் வகுப்பறைகளை ஆசிரியையாக நான் என் சேவைக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள்தான் இன்று மாப்பிள்ளையாகவும் பெண்ணாகவும் கையில் தாளோடு நிற்கிறார்கள். வீட்டில் கேட்டால் வெட்கம், பாடசாலையில் கேட்டால் அதட்டல், பரிசோதனை நிலையத்தில் கேட்டால் அலட்சியம். அவர்கள் எங்கேதான் கேட்பது? பொருத்தம் பார்க்க நட்சத்திரத்தின் பாதம்வரை கணக்கெடுக்கும் நாங்கள், இரத்தம் எடுத்த திகதியைக் கணக்கெடுக்கத் தயங்குவது எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது. பாடசாலைகளின் குறையை உங்களிடம் முறையிடுவது பொருந்தாது என்பதை அறிவேன். உங்கள் பொறுப்பில் உள்ளதற்கே திரும்பி வருகிறேன்.

அச்சமே இந்த மௌனத்தை வளர்க்கிறது என்பதால் இதையும் உங்கள் வாயால் மக்களுக்குச் சொல்லுங்கள். தொற்று உறுதியானாலும் கலியாணமும் பிள்ளைப்பேறும் முடிந்துபோவதில்லை. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அந்த நிலை நீடித்தால், உடலுறவின் மூலம் துணைவருக்குத் தொற்றுவதில்லை என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. மருந்து எங்கள் நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசம், பரிசோதனையும் இலவசம், வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரே போகலாம், விபரம் வெளியே போகாது. இப்படியொரு சேவை யாழ்ப்பாணத்திலேயே இருப்பதைத் தனியார் நிலையங்களின் சுவர்களில் ஓர் அறிவித்தலாகவேனும் ஒட்டியிருக்கலாமே.

தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட வேண்டியவை. ஆகவே சுகாதாரத் துறை சொன்னால் நிலையங்கள் கேட்கும் என்றும், நிலையங்கள் தாமாகவே செய்ய முன்வந்தால் துறை தடுக்காது என்றும் நம்புகிறேன். செலவு என்று பார்த்தால் சிறிது மை மட்டுமே. வாசகம் எழுதுவதற்கு நேரமில்லை என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

“இரத்தம் எடுத்த திகதி இது. செய்யப்பட்ட பரிசோதனையின் வகை இது. மேற்படி திகதிக்கு முந்திய இத்தனை நாட்களுக்குள் ஏற்பட்ட தொற்றை இந்தப் பரிசோதனை காட்டாமல் விடலாம். அக்காலத்தில் தொற்று ஏற்படக்கூடிய தொடர்பு இருந்திருந்தால், கடைசித் தொடர்பிலிருந்து அத்தனை நாட்கள் கழிந்தபின் மீண்டும் பரிசோதிக்கவும், அதுவரை பாதுகாப்புடன் இருக்கவும்.”

திகதியும் வகையும் நாட்களின் எண்ணிக்கையும் நிரப்ப இடம் விட்டால் போதும். அதை விளங்கப்படுத்த ஒரு கதவுள்ள அறையும், பொறுமையாகப் பேசப் பழக்கப்பட்ட ஒருவரும் வேண்டும், அவ்வளவே. ஆவணியில் எங்கள் வீட்டில் நடந்தது தையில் வேறொரு வீட்டில் நடக்காமல் இருக்க, வரும் முகூர்த்த மாதத்துக்கு முன்னரே இந்த மூன்று வரிகளையும் அறிக்கைகளில் சேர்க்குமாறு உங்கள் எல்லோரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
யாழ்ப்பாணம்