பாத்திரம் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், வெள்ளத்துக்குப் பிறகு என் வாசலேறி வந்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வெளியூரில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்னைக் கொத்துக்கார அக்காவாகத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முந்திரிக்கொத்தும் அதிரசமும் முறுக்கும் போட்டுத்தான் பிழைக்கிறேன். டிசம்பர்தான் எங்களுக்கு அறுப்புக்காலம்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகவே வழியில்லாத மழை. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு சொன்னார்கள். ராத்திரி தாமிரபரணித் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. எதிர்வீட்டு அத்தை எங்கள் மூன்று பேரையும் கையைப் பிடித்து இழுத்துத் தன் வீட்டுத் தட்டட்டிக்கு, அதுதான் மொட்டைமாடிக்கு, ஏற்றிவிட்டார்கள். அங்கே நின்றுகொண்டு பார்க்கிறேன், என் வீட்டு ஜன்னல் பாதி மறைந்துவிட்டது. அத்தை, அன்றைக்கு நீங்கள் இழுத்த இழுப்பில் என் வளையல் உடைந்தது. அந்தக் கைக்கு முதல் நன்றி.

தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது, வறுத்துத் திரித்து வைத்த பாசிப்பயறு மாவு அத்தனையும் சேறோடு சேறாகக் கிடந்தது. உடன்குடியிலிருந்து வாங்கிப் போட்ட கருப்பட்டி கரைந்து தண்ணீரோடு போயிருந்தது. தரையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. மறுநாள் சுவரோரம் எறும்பு சாரைசாரையாக வந்தது. வருஷமெல்லாம் சேர்த்துப் போட்ட முதலீட்டை எறும்பு தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதிக்கு மேல் அட்வான்ஸ் வாங்கிய ஆர்டர். அந்தப் பணத்தையும் போட்டுத்தான் சாமான் வாங்கியிருந்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பேன், வாய் திறக்காது. என் வீட்டுக்காரருடைய வேதப்புத்தகம் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயிருந்தது. அதைக் காயவைக்கக்கூட மனசில்லாமல் ஒரு மூலையில் போட்டிருந்தேன். எங்கள் சபைப் போதகர் ஐயாவின் மனைவி ஐயரம்மா வந்தார்கள். எத்தனையோ ஆறுதல் வசனம் தெரிந்தவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து சேற்றை வழித்தார்கள். போகும்போது அந்த வேதப்புத்தகத்தை எடுத்துப்போய், ஒரு வாரம் வெயிலில் வைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொண்டுவந்து தந்தார்கள். ஐயரம்மா, அதற்கு நான் இன்னும் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. எங்கள் சபைக் கோயில் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. வழக்கமாக முன்னால் உட்காருகிற நான் கடைசியில், தூணுக்குப் பின்னால் இருந்தேன். போதகர் ஐயா வேதத்தில் 2 இராஜாக்கள் நாலாம் அதிகாரம் எடுத்தார்கள். கடன்காரன் பிள்ளைகளைப் பிடித்துப்போக வந்து நிற்கிறான், விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து அழுகிறாள். அவர் பணம் கொடுக்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய்தான் இருக்கிறது என்கிறாள்.

அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் என் வீட்டிலும் மிஞ்சியது ஒன்றே ஒன்று. சீல் உடைக்காத தேங்காயெண்ணெய் டின். வெள்ளத்தில் மிதந்து, பின்கட்டில் கதவு இடுக்கில் சிக்கிக் கிடந்தது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஞாயிறு பள்ளியில் எண்ணெய் பெருகியதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஐயா அன்றைக்கு அக்கம்பக்கத்தாரைப் பற்றிப் பேசினார்கள். அயலகத்தாரிடம் போய் வெறும் பாத்திரங்களை வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்றுதான் தேவமனிதன் சொல்கிறார். பாத்திரம் இருந்தவரைக்கும் எண்ணெய் வந்தது, பாத்திரம் தீர்ந்ததும் நின்றது. அந்தப் பாத்திரங்களைக் கொடுத்தவர்கள் பெயர் வேதத்தில் இல்லை. வருஷம் பிறந்து மணியடித்தபோது, பதினாலு நாளாக வராத ஜெபம் எனக்கு வந்தது. வார்த்தை இல்லை, அழுகைதான்.

ஜனவரியில் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பாத்திரம் கேட்டேன். கேட்பதற்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது. மேலத்தெரு பாட்டி, தான் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த வெண்கல உருளியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார்கள். கோயில்பிள்ளை அண்ணன் ஐயாவிடம் கேட்டு சபை விருந்தான அசனத்துக்கு வைத்திருக்கிற அண்டாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாங்கிய பெரிய கேஸ் அடுப்பை, அதே கமிட்டித் தம்பிகள் தூக்கிக்கொண்டு வந்து மாட்டியும் கொடுத்தார்கள். மாவு மில் பாய் ஈஸ்டர் வரைக்கும் அரவைக்கூலி வாங்கவே இல்லை. கொடுத்தால், அப்புறம் பார்க்கலாம்மா என்பார். தம்பிகளே, பாய், நான் கும்பிடுகிற ஆண்டவரிடம் உங்கள் வீட்டுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

குழுவாக வாங்கிய கடனுக்கு வாரத் தவணை வசூலிக்கிறவர்கள் வந்து வாசலில் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத விரும்பவில்லை. அந்த இரண்டு மாதத் தவணையை எங்கள் குழுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருந்தது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அரசு கொடுத்த 6,000 ரூபாய் பயறுக்கும் கருப்பட்டிக்கும் போயிற்று.

கொத்து ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. மாவில் பாகை ஊற்றியதும் கை பொறுக்கிற சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். முதல் நாள் பாகு இறக்கும்போது நானும் மகளும் மட்டும் இருந்தோம். திரும்பிப் பார்த்தால் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் வரிசையாக உள்ளே வருகிறார்கள். சுற்றி உட்கார்ந்து, கை சிவக்கச் சிவக்க உருட்டினார்கள். யாரோ கீர்த்தனை எடுத்தார்கள். நானும் பாடினேன். அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து மும்மூன்றாக எண்ணெயில் போட்டபோது, அந்த மிதந்த டின் எண்ணெயின் வாசம் தெருவரைக்கும் போனது. முதல் ஈட்டை எடுத்து ஸ்தோத்திரக் காணிக்கையாகக் கோயிலுக்குக் கொடுத்தேன்.

அட்வான்ஸ் கொடுத்தவர்களில் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு தங்கச்சி, "அக்கா, அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கொடுங்க, போதும்" என்று போன் பண்ணினாள். 2024 மார்ச் 31 ஈஸ்டருக்குள் எல்லாருக்கும் அனுப்பி முடித்தேன். இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சொந்தமாக அடுப்பும் உருளியும் வாங்கிவிட்டேன். உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்தாயிற்று. அதற்கு அலைந்து படிவம் நிரப்பியது என் மகன்.

வாங்கிய பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொத்து வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேலத்தெரு பாட்டி போன ஆடியில் கர்த்தரிடம் போய்விட்டார்கள். உருளியைக் கொண்டுபோனால், அவர்கள் மகள் வாங்க மறுத்து, "அம்மா உனக்குன்னு சொல்லிட்டுத்தான் போனா" என்று சொன்னாள். பாட்டிக்கு இந்த மடலைப் படித்துக்காட்ட முடியவில்லையே என்றுதான் இருக்கிறது.

இன்னும் ஒரு பித்தளைத் தூக்குவாளி மட்டும் என்னிடம் நிற்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பொறித்த பெயர் தேய்ந்து "கி" என்ற எழுத்து மட்டும் தெரிகிறது. யாருடையது என்று தெரியவில்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காபி குடித்துவிட்டுப் போகலாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி