இப்போதைக்குப் புதுப் பெட்டி வேண்டாம், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவின் அரங்கேற்றம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். வீடியோவை ஸ்டூடியோக்காரரிடம் கொடுக்காமல் நீயே எடிட் பண்ண உட்கார்ந்தாய் பார், அதுதான் நீ! ஆனால் கணினி திணறியது என்பதற்காக ரைசன் 7 பிராசஸர், புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேம், கண்ணாடி வைத்த கேபினெட் என்று புதுப் பெட்டிக்கு ஒரு பட்டியலே போட்டு அனுப்பியிருக்கிறாயே, அதற்கு என் பதில்: இப்போது வேண்டாம்.

முதல் காரணம் ரேம் விலை ஏற்றம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. தயாரிப்பாளர்களும் லாபம் அங்கேதான் என்று அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நாம் அசெம்பிள் பண்ணும்போதெல்லாம் தேடி வாங்கிய க்ரூஷியல் ரேம் ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அதன் தயாரிப்பாளர் மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. புது ரைசன்கள் உட்காரும் ஏஎம்5 போர்டு டிடிஆர்5 தவிர வேறெதையும் ஏற்காது. ஆகவே போர்டும் பிராசஸரும் சல்லிசாகக் கிடைத்தாலும் ரேமில் மாட்டிக்கொள்வாய்.

இரண்டாவது காரணம், உன் பெட்டி திணறுவதற்கு அது பழசு என்று நீ நினைப்பது மட்டும் காரணமில்லை. உன்னுடையது இன்டெல் ஐ5-4460 பிராசஸர், 2014 மாடல். கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது. உன் போனோ 4கே வீடியோவை ஹெச்.265 முறையில் சுருக்கிப் பதிகிறது. அதை விரிக்கிற வன்பொருள் அந்தத் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸில் இல்லை. எல்லா வேலையும் அந்த நான்கு கோர்களின் தலையில் விழுகிறது, பாவம். போன் கேமரா செட்டிங்ஸில் ஹெச்.264-க்கு மாற்றி 1080-இல் எடுத்துப் பார். ஏற்கெனவே எடுத்ததற்கு உன் எடிட்டிங் மென்பொருள் டாவின்சி ரிசால்வில் ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் இலகுவான நகல், உருவாக்கு. ராத்திரி ஓட விட்டுத் தூங்கிவிடு. காலையில் அதை வைத்து எடிட் பண்ணிக்கொள், கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது மட்டும் அசல் கோப்பு போதும்.

அப்புறம், அந்த ஹார்டு டிஸ்க்கிலிருந்தா இன்னும் விண்டோஸ் பூட் ஆகிறது? அதைவிடப் பல மடங்கு வேகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டுவிடு. உன் ஹெச்81 போர்டின் நான்கு சாட்டா இணைப்புகளில் இரண்டுதான் 6 கிகாபிட் வேகம், மற்றவை அதில் பாதி. போர்டின் கையேட்டைப் பார்த்துச் செருகு. 8 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறது என்றாயே, இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 போட்டால் ரேமுக்கான இரண்டு பாதைகளும் (சேனல்) சேர்ந்து வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அந்தப் போர்டு 16 ஜிபிக்கு மேல் ஏற்காது, அதற்கு மேல் ஆசைப்படாதே.

விண்டோஸ் 10 விஷயம்: 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு நின்றுவிட்டது. உன் பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நீட்டிப்புக்குப் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பலர் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போடச் சொல்வார்கள். நானும் வேறு யாருக்காவது என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் இலவச ரிசால்வ் லினக்ஸில் ஹெச்.264, ஹெச்.265 இரண்டையும் படிக்காது. உனக்கு அது தலைவலி. கெடென்லைவ் என்ற வேறு எடிட்டிங் மென்பொருளுக்கு மாறத் தயார் என்றால் சொல், பேசலாம்.

என் கதைக்கு வருகிறேன். அதே ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. மானிட்டர் மட்டும் போன தீபாவளிக்கு 27 அங்குலமாக மாறியது. மாற்றிய எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரிகிற சுகம் அதில்தான். அடுத்து ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸர் வாங்க எண்ணம். அதே ஏஎம்4 சாக்கெட், பயாஸ் அப்டேட் போட்டு மாட்டிவிடலாம், ரேமைத் தொடவே வேண்டாம். இந்த விலைவாசியில் டிடிஆர்4 வைத்திருப்பவன் பணக்காரன் மாதிரி நடக்கலாம்.

உண்மையான ஏக்கம் வேறு. 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஒன்று பழையதாகக் கிடைத்தால் வீட்டிலேயே சின்ன ஏஐ மொழி மாடல்களை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆசை. 800 கோடி பாராமீட்டர் மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் சுமார் 5 ஜிபி பிடிக்கும், என் 4 ஜிபி கார்டில் முழுதாக அடங்காது. ரேம் விலையை ஏற்றிவிட்ட அதே ஏஐ மோகம்தான் என்னையும் பிடித்திருக்கிறது, சிரிக்காதே! ஆனால் அந்தக் கார்டு மட்டும் 170 வாட் இழுக்கும். என் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) போதாது, 550 வேண்டும். 600 விஏ யூபிஎஸ்ஸும் கரண்ட் போன நொடியில் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாது என்பார்கள். எனக்கு யானையே இன்னும் கிடைத்தபாடில்லை.

வருகிற சனிக்கிழமை சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் போகிறேன். உன் போர்டு மாடல் எண்ணையும் அந்த ரேம் குச்சியையும் படம் எடுத்து அனுப்பு. அதே வேகத்தில் ஒன்று கிடைத்தால் வாங்கி கூரியரில் போட்டுவிடுகிறேன். எஸ்எஸ்டியை நீ மதுரையிலேயே பில்லோடு வாங்கிக்கொள், வாரண்டிக்கு அலைய வேண்டாம். விண்டோஸை மாற்றும் முன் அரங்கேற்றக் கோப்புகளை வேறு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி