பைலட் வருகிறார், ஏணியைக் கட்டு

அன்பு மகளுக்கு,

பைலட் விமானத்தில்தானே இருப்பார், கப்பலில் அவருக்கென்ன வேலை என்று உன் தம்பி கேட்கிறான். நீ ஏறியிருக்கும் கப்பலிலேயே அந்தப் பெயரில் நாலைந்து இருக்கிறது. எஞ்சின் ரூமில் பைலட் வால்வு என்றால் பெரிய வால்வை இயக்க அனுப்பும் காற்றைத் திறந்து மூடும் சின்ன வால்வு. பாய்லரில் பைலட் பர்னர், மெயின் பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடர். ஒர்க்‌ஷாப்பில் பைலட் ஹோல்: 12 மி.மீ. துளைக்கு முன் 4 மி.மீ. பிட்டால் போடுவது. அதை விட்டால் பெரிய பிட்டின் நடுமுனை இரும்பை வெட்டாமல் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் நழுவும்.

டெக் கேடட்டான (மேல்தளத்தில் பயிற்சி பெறும்) உனக்கு முக்கியம், துறைமுகத்துக்குள் வழிகாட்ட ஏறிவரும் மனிதரும் அவர் ஏறும் கயிற்று ஏணியும்தான். தண்ணீரிலிருந்து ஏறும் உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் பைலட் ஏணி மட்டும் போதாது; கேங்வேயோடு, அதாவது கப்பலின் பக்கவாட்டில் சாய்வாக இறக்கும் படிக்கட்டோடு, சேர்த்துக் கட்ட வேண்டும். கேங்வேயின் சாய்வு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதன் கீழ்த்தட்டுக்கு மேலே ஏணி 2 மீட்டராவது நீண்டிருக்க வேண்டும். அடியிலிருந்து நாலு படிகள் ரப்பர். படிகளுக்கு பெயின்ட் அடிக்காதே. விரிசல் தெரியாது, காலும் வழுக்கும்.

அதிகம் தப்பு நடப்பது ஏணியைப் பாதி நீளத்தில் நிறுத்திக் கட்டும்போது. பக்கக் கயிற்றில் ஷேக்கிளை (U வடிவ இரும்பு வளையம்) சுற்றி மாட்டிவிடுவார்கள். ஷேக்கிள் நழுவிப் படியில் போய் இடிக்கும், பாரம் முழுக்க அந்தப் படியில் இறங்கும், படியைப் பிடித்திருக்கும் கட்டு அறுந்தால் ஏணி ஆளோடு ஒரு குலுக்கில் கீழே இறங்கும். இரண்டு பக்கக் கயிற்றிலும் ரோலிங் ஹிட்ச் என்ற நழுவாத முடிச்சைப் போட்டு, டெக்கில் அதற்கென்றே உள்ள வளையத்தில் கட்டு. கைப்பிடிக் கம்பியில் கட்டினால் செல்லாது. ஏணியை மேலே இழுக்கும் இழுகயிறு, கடைசி ஸ்ப்ரெடருக்கு (ஏணி முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் நீளமான படி) மேலேயே இருக்கட்டும், முன்பக்கமாக இழுத்துக் கட்டு. கீழே தொங்கினால் பைலட் படகு அதில் மாட்டிக்கொள்ளும்.

இரவில் பைலட் படகு வெள்ளை விளக்குக்குக் கீழே சிவப்பு காட்டும். தலைகீழாக, சிவப்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் அது மீன்பிடிக்கிற படகு. அதை நம்பி ஏணி இறக்காதே.

கட்டு சரியில்லை என்று பைலட் ஏற மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஏணியை மேலே இழுத்து, ஆபீசர் முன்னால் மறுபடி கட்டு.

உன் அப்பா