வீணையை ஏலத்தில் விடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரணில் கிடக்கும் வீணையை இணையத்தில் ஏலம் விடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. 2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்ட பிறகும், அதன் பன்னாட்டுத் தளம் வழியாக இங்கிருந்து பலர் விற்கிறார்கள். லண்டனிலும் டொரான்டோவிலும் பிள்ளைகளுக்கு வீணை சொல்லித்தர விரும்பும் குடும்பங்கள் வாங்குகின்றன. அப்படிப் போகும் கருவிகளில் சில, வாசிக்கவே முடியாத நிலையில் போய்ச் சேர்வது வேதனை. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். எதைச் சோதிக்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

‘பழைய வீணை, நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரியால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்கு முதலில் தெரிய வேண்டியது, அது ஏகாண்ட வீணையா, ஒட்டு வீணையா என்பது. பானை போன்ற குடம், நீண்ட தண்டி, நுனியில் உள்ள யாளித்தலை எல்லாம் ஒரே பலாமரத் துண்டில் குடைந்திருந்தால் ஏகாண்டம். தனித்தனியே செய்து பொருத்தியிருந்தால் ஒட்டு. விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. குடமும் தண்டியும் சேரும் இடத்தை அலங்காரப் பட்டை மறைத்திருக்கும். அங்கே பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் நிழலாகத் தெரியும். யாளியின் கழுத்துப் பகுதியையும் இப்படியே எடுக்க வேண்டும். விரிசலைக் காட்டாமல் விற்றால் லாபம் என்று நினைக்க வேண்டாம். விவரித்தபடி பொருள் இல்லை என்று கிடைத்த 30 நாளுக்குள் வாங்கியவர் முறையிட்டால், ‘திருப்பி எடுப்பதில்லை’ என்று நீங்கள் எழுதியிருந்தாலும் ஈபேயில் அது செல்லாது. பணத்தோடு, கருவி திரும்பி வரும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது மெழுகு. வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குப் பட்டைகளும், தேன்மெழுகும் கரியும் கலந்த கலவையில்தான் பதிந்திருக்கின்றன. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் நாலைந்து கோடைகளைக் கழித்த வீணையில் அந்த மெழுகு இளகி, மெட்டுகள் சரிந்தோ அமிழ்ந்தோ போயிருக்கும். பார்வைக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். முதல் தந்தியான சாரணியைச் சுருதி சேர்த்துவிட்டு 12ஆம் மெட்டில் வாசித்தால் மேல் ஸட்ஜமம், 7ஆம் மெட்டில் பஞ்சமம், 24இல் அதற்கும் மேலே உள்ள ஸட்ஜமம் கச்சிதமாக வர வேண்டும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதி காட்டும் செயலியே இதற்குப் போதும். பிறகு முதல் மெட்டிலிருந்து 24 வரை ஒவ்வொன்றாக, நிதானமாக மீட்டி, வெட்டாமல் ஒரே காணொளியாகப் பதிவு செய்து இணையுங்கள். ஏதாவது ஒரு மெட்டில் கரகரத்தால், அது அமிழ்ந்து அடுத்த மெட்டில் தந்தி உரசுகிறது என்று பொருள். பல மெட்டுகளில் கரகரத்தால் தண்டியே வளைந்திருக்கலாம். மெட்டுகளின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் வளைவு புலப்படும். மெழுகுக் கோளாறை மேளம் கட்டுபவர், அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிப்பவர், சரிசெய்துவிடுவார். தண்டி வளைந்த வீணையை ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று எழுதி விற்பதுதான் நேர்மை. அதை ஒரு குழந்தையின் முதல் வீணையாக அனுப்பிவிடாதீர்கள்.

தந்திகளை முறுக்கும் ஏழு பிரடைகளும் நிற்கின்றனவா, நழுவுகின்றனவா என்பதையும் எழுதுங்கள். நழுவினால் சாக்பீஸ் பொடி தடவலாம். எண்ணெய் கூடவே கூடாது.

விலை ஏற வேண்டும் என்று தலைப்பில் ‘100 வருடப் பழமை’ என்று போடுகிறார்கள். இது விற்பவருக்கே ஆபத்து. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அந்தத் தலைப்பு, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும். வயது உறுதியாகத் தெரியாவிட்டால் எழுதாதீர்கள். உண்மையிலேயே அவ்வளவு பழையது என்றால் வெளிநாட்டு ஏலத்தில் வைக்காதீர்கள். வெள்ளை வேலைப்பாடு உள்ள பழைய வீணைகளிலும் இதே கவனம் வேண்டும். இன்று அது பெரும்பாலும் பிளாஸ்டிக். முன்பு தந்தமும் மான்கொம்பும். இரண்டையும் விற்க நம் வனவிலங்குச் சட்டத்தில் இடமில்லை. ஈபேயும் 2009 முதல் தந்தப் பொருள்களை அனுமதிப்பதில்லை. சந்தேகம் இருந்தால் பட்டியலிடும் முன்பே விவரம் தெரிந்த ஆசாரியிடம் காட்டிவிடுங்கள்.

ஏலம் பற்றி ஒரு வார்த்தை. கிடாரை ஒரு டாலரில் தொடங்கினாலும் பத்துப் பேர் போட்டியிட்டு விலையை ஏற்றிவிடுவார்கள். வீணைக்கு அந்த வாரத்தில் உலகம் முழுவதும் ஒரே ஒருவர்தான் வந்திருக்கக்கூடும். போட்டிக்கு இரண்டாவது ஆள் இல்லையென்றால் தொடக்க விலைக்கே போய்விடும். ஆகவே எதற்குக் குறைந்தால் கொடுக்க மாட்டீர்களோ அதையே தொடக்க விலையாக வையுங்கள். 10 நாள் ஏலமாக, வாங்குபவர் ஊரில் ஞாயிறு மாலை முடியும்படி அமையுங்கள். கோடையில் லண்டனில் இரவு 7 மணி என்பது நமக்கு 11.30, டொரான்டோவின் 7 மணி நமக்கு மறுநாள் விடிகாலை 4.30.

கையைச் சுடுவது அனுப்பும் செலவுதான். வீணை, பெட்டியோடு பத்துப் பதினைந்து கிலோ இருக்கும் என்று கணக்கிட்டு அஞ்சல் செலவை அறிவித்துவிடுகிறார்கள். விமான கூரியர்காரர்களோ நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, அது அதிகமாக இருந்தால் அதற்கே கட்டணம் வாங்குகிறார்கள். 140 × 50 × 50 பெட்டி 70 கிலோவாகிவிடும்! பெட்டியைக் கட்டி அளந்து, விலை கேட்ட பிறகே ஏலத்தைத் தொடங்க வேண்டும். இன்னொன்று: ஈபே தன் கட்டணத்தை அனுப்பும் செலவும் சேர்ந்த மொத்தத்தின் மேல்தான் போடுகிறது.

உள்நாட்டிலேயே விற்பவர்களும் கவனிக்க வேண்டும். ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். யுபிஐயில் பணம் பெறப் பின் எண் தேவையே இல்லை.

கட்டும் முறைக்கு வருகிறேன். தண்டியின் அடியில் உள்ள சுரைக்காயைத் திருகிக் கழற்றி, உள்ளே காகிதம் அடைத்துத் தனி அட்டைப்பெட்டியில் வையுங்கள். தந்திகளைத் தளர்த்திவிட்டு, அவற்றுக்கும் மெட்டுகளுக்கும் இடையே மடித்த துணியைச் செருகுங்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையை அழுத்திப் பிடித்திருப்பது தந்திகளின் இழுவைதான். தந்தி தளர்ந்ததும் அது கழன்று பெட்டிக்குள் உருண்டு குடத்தின் மேற்பலகையைக் குத்தும். அதனால் குதிரையை எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள். எடுக்கும் முன், அது நின்ற இடத்தைப் பலகையில் காகித நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினாலும் 24 மெட்டும் சுருதி பிசகும். தண்டி அந்தரத்தில் தொங்காதபடி அடியில் நுரை முட்டுக் கொடுத்து, எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் நுரை இருக்கும்படி இறுக்குங்கள். பெட்டி செங்குத்தாக விழும்போது முதலில் ஒடிவது யாளியின் கழுத்து. அங்கே இரட்டிப்பாக வையுங்கள். முடிந்தால் ஏப்ரல், மே மாதங்களில் அனுப்பாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மெழுகு மீண்டும் இளகும்.

குதிரை நின்ற இடத்தின் படம், எந்தப் பிரடைக்கு எந்தத் தந்தி, கடைசியாக வைத்த சுருதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். குளிர்நாட்டில் பெட்டி வந்ததும் உடனே பிரிக்காமல், வீட்டு வெப்பத்தில் ஒரு நாள் இருக்கவிட்டு, ஹீட்டருக்குத் தொலைவில் வைத்துத் திறக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளின் முதல் வரியாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீணைப் பட்டறைக்காரர் ஒருவர்,
தஞ்சாவூர்