அக்காவுக்கு, அம்மாவின் வேலையைப் பற்றி

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு போஸ்டருக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னாய். பிரஸ்ஸில் தயாராக இருக்கும் 'தியாகச் சுடரே' வரியையே போட்டுவிடலாம் என்கிறார் அத்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. போஸ்டரில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

அம்மா பீடி சுற்றுவதில் நல்ல வேலைக்காரி. முதலில் சொல்ல வேண்டியது அதுதான். முக்கூடல் பக்கம் பெண் பார்க்க வந்தால், நிறத்துக்கு முன்னால் "ஒரு நாளைக்கு எத்தனை சுத்துவா?" என்று கேட்ட காலம் அது. ஆச்சி பெருமையாக "ஆயிரம்" என்றாளாம். 25 வீதம் 40 கட்டு. கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கு குறையவில்லை.

ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருகிற இலை. அம்மா அந்த மரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. விடியுமுன் தகட்டை வைத்து வெட்டி முடித்திருப்பாள். அப்புறம் அடுப்பு, மாடு, நாம். வெயில் ஏறியதும் எதிர்வீட்டுத் திண்ணையில் ஆறேழு பேர் இலையும் புகையிலைத் தூளும் வைத்த சொளகோடு கூடுவார்கள். ஒரு பக்கம் திருநெல்வேலி வானொலி, ஒரு பக்கம் ஊர்க்கதை. பேச்சு எங்கே போனாலும் விரல் மட்டும் நிற்காது. அந்தத் திண்ணையில் சிரித்த மாதிரி அம்மா நம் வீட்டுக்குள் சிரித்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் அப்பா இருந்தார், அதை விடு.

பீடிக் கடையில் நிறுத்துக் கொடுக்கிற இலை ஆயிரத்துக்குக் காணாது. குறைந்ததைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். சுற்றிக் கொண்டுபோனாலோ இது பருமன், இது சப்பை என்று கழிப்பார்கள். கழித்ததற்குக் கூலியும் கிடையாது, பீடியும் திரும்ப வராது. மற்றவர்கள் முணுமுணுத்தபடி வந்துவிடுவார்கள். அம்மா நகரமாட்டாள். "கூலி கெடையாதுன்னா பீடியத் திருப்பித் தாங்க அண்ணாச்சி, பிரிச்சுத் தூளையாவது எடுத்துக்கிடுதேன்." பாதி நாள் ஜெயித்தும் வந்திருக்கிறாள். தியாகி என்றால் இந்த வாய் எங்கே போகும்?

1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது, 1977-ல் பி.எஃப். வந்தது. அம்மா பெயர் ஏட்டில் ஏறியதோ அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. அதனால் பென்ஷன் சில நூறு ரூபாயாகவே வந்துகொண்டிருந்தது. 2014-ல் குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய் என்று ஆனபோது, "ஒரு நாள் சுத்துனதுக்கு பீடிக்கு ஒரு ரூவா, மிச்ச நாளெல்லாம் சுத்துனதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். இருமலோடுதான் சொன்னாள். தூள் நெடி நெஞ்சில் ஏறி, கடைசிவரை இறங்கவே இல்லை.

தளம் போட்ட இரண்டு அறை, உன் கல்யாணக் கம்மல், என் பாலிடெக்னிக் ஃபீஸ் எல்லாம் அந்தச் சொளகிலிருந்து வந்தவை. எட்டாம் வகுப்போடு உன்னை நிறுத்தி இன்னொரு சொளகை உன் மடியில் வைத்ததும் அவள்தான். ஃபீஸில் பாதி நீ சுற்றியது. அதைத் தியாகம் என்றால் யாருடையது என்று கேட்க வேண்டிவரும். போஸ்டரிலோ உன் பெயர் 'மகள்' என்று மட்டும் வரும்.

அதனால் 'அம்மா, பீடித் தொழிலாளி, வயது 83' என்று போடச் சொல்லியிருக்கிறேன். அத்தான் கௌரவம் பார்த்தால் நீ பேசிக்கொள்.

இன்னொன்று. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த பகல்களில் நீதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அம்மாவுக்கு முதலில் சுற்றக் கற்றுக்கொடுத்தது யார்? கல்யாணமான புதிதில் கூலிப் பணத்தை யாரிடம் கொடுத்தாள்? உன்னை நிறுத்திய அன்று உன்னிடம் என்ன சொன்னாள்? போனில் வேண்டாம், நேரம் எடுத்து எழுது.

அன்புடன்,
தம்பி