பார்சன்ஸை விற்றுவிட்டார்களாமே!

செர்ரி ஹில், நியூஜெர்சி
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரகு,

உங்கள் டல்லாஸ் கௌபாய்ஸின் தற்காப்பு நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸை கிரீன் பே அணிக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். சிரிப்பு அடங்கட்டும் என்று விட்டுவைத்தேன். இன்னும் முழுதாக அடங்கவில்லை, ஆனால் இனியும் தாமதித்தால் எங்கள் ஃபிலடெல்பியா ஈகிள்ஸும் உங்கள் கௌபாய்ஸும் மோதும் வியாழக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் வந்துவிடும். மே மாதம் நீ எழுதிய நீண்ட மடலுக்குப் பதில் போடாமல் இருப்பதைக் கீதா வேறு சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாள். பட்ட கடன் மாதிரி அது மேஜைமேல் கிடக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டையில் உள்ள கறையெல்லாம் அவருக்குத் தெரிகிறது. மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். சுந்தரம் அண்ணன் அதே பச்சை ஜாக்கெட்தான், அதே கதைதான். போதுமா? விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மடலில் ஈகிள்ஸின் தற்காப்பு வீரர்களைப் பற்றிய ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "ஸ்வெட் போனான், மில்டன் வில்லியம்ஸ் போனான், ஸ்லே போனான், கார்ட்னர்-ஜான்சனையும் ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டீர்கள், கிரஹாம் ஓய்வு பெற்றாயிற்று. மீசை முளைக்காத பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை ஆட்டம் ஜெயிப்பீர்கள்?" என்று கேட்டிருந்தாய். கேட்பது யார் என்று பார்! கௌபாய்ஸ் பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கியவுடன் இருபது வருட ஈகிள்ஸ் பச்சை ரத்தம் கௌபாய்ஸ் நீலமாகிவிட்ட துரோகி கேட்கிறான். நீங்கள் கடைசியாக சூப்பர் பவுல் என்கிற இறுதியாட்டத்தை ஜெயித்தது 1996 ஜனவரியில். நம் கார்த்திக் அப்போது பிறக்கவேயில்லை.

சரி, கேட்டுவிட்டாய். பதில் சொல்கிறேன்.

பழுத்த ஆட்களை வைத்து ஆடினால் என்ன ஆகும் என்பதை 2023இல் நாம் சேர்ந்தே பார்த்தோம். 10 வெற்றி, ஒரே தோல்வி என்று கிளம்பிய அணி, அதன்பின் டாம்பாவில் 32-9 என்று உதை வாங்கிய பிளேஆஃப் (சீசன் கடைசி நாக்-அவுட் சுற்று) வரை, ஏழு ஆட்டங்களில் ஆறைத் தோற்றது. எதிராளிக்குக் கொடுத்த புள்ளிக் கணக்கில் 32 அணிகளில் 30ஆவது இடம். ஃபிளெட்சர் காக்ஸ், பிராட்பெரி, ஸ்லே, கிரஹாம் என்று பெயர்ப்பலகை மட்டும் பளபளத்தது; எதிராளி மூன்றடி நகர்ந்தால் இவர்களுக்கு மூச்சு வாங்கியது. டிசம்பரில், ஆட்டங்கள் பாக்கியிருக்கும்போதே, தற்காப்பை நடத்தும் பொறுப்பை ஒருவரிடமிருந்து பிடுங்கி மாட் பட்ரீசியாவிடம் கொடுத்தார்கள். அந்தக் கூத்தைப் பற்றி நீ போனில் உதிர்த்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அடுத்த வருடம் தற்காப்புப் பயிற்சியாளராக விக் ஃபான்ஜியோ வந்தார். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில், 2002க்குப் பிறகு ஒரு கார்னர்பேக்கைக்கூட (எதிரணியில் பந்து பிடிப்பவரை ஓரத்தில் ஒட்டிக் காவல் காப்பவர்) எடுக்காத கழகம், டொலீடோவிலிருந்து க்வின்யான் மிட்செலை 22ஆவது ஆளாக எடுத்தது. அடுத்த சுற்றிலேயே கூப்பர் டிஜீன். நியூ ஆர்லியன்ஸில் யாரும் கண்டுகொள்ளாத ஸாக் பானை ஒரே ஒரு வருடத்துக்கு 35 லட்சம் டாலருக்குக் கூட்டிவந்து, ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவரை முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கராக நிறுத்தினார்கள். அந்த சீசன் முடிவில் அவர் லீகின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இருந்தார்.

நீ மறந்துவிட்டாய் என்பதால் நினைவூட்டுகிறேன்: முதல் நான்கு ஆட்டங்களில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. டாம்பாவில் மறுபடியும் 33-16. பிடிக்க வேண்டிய ஆளைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தார்கள். அப்போதும் நீ இதே பாட்டைத்தான் பாடினாய், "பிள்ளைகள்" என்று. ஓய்வு வாரம் முடிந்ததும் டிஜீனை உள்வட்டக் கார்னராக இறக்கினார் ஃபான்ஜியோ. மிச்சமிருந்த 13 ஆட்டங்களில் 12 வெற்றி. எதிராளியை முன்னேறவிடாத யார்டுக் கணக்கில் லீகிலேயே முதலிடம். பால்டிமோரில் டெரிக் ஹென்றி முட்டிக்கொண்டு வருகிறார். மனிதர் 247 பவுண்டு. டிஜீனோ 200 பவுண்டைத் தொடவில்லை. நேராக நெஞ்சைக் கொடுத்து, அவரைத் தரையிலிருந்து தூக்கி, பின்பக்கமாகக் கொண்டுபோய் வைத்தான். சுந்தரம் அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார். எதற்கும் எழாத சுந்தரம் அண்ணன்.

ஜனவரியில் ராம்ஸ் அணியோடு நடந்த பிளேஆஃப் ஆட்டத்துக்கு நான் மைதானத்தில் இருந்தேன் என்பதை உன்னிடம் பலமுறை சொல்லிவிட்டேன். இன்னொரு முறையும் கேள். பனி கொட்டுகிறது, கோடுகளைப் பெருக்கித் தள்ளத் தள்ள மறுபடி மூடுகிறது. 28-22. ராம்ஸ் நம் 13 யார்டு கோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு டச்டவுன் (ஆறு புள்ளி), அதன்பின் ஒரு உதை (ஒரு புள்ளி), நம் சீசன் முடிந்தது. எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். மூன்றாவது முயற்சியில் ஜாலன் கார்ட்டர் நடுவிலிருந்து பிளந்துகொண்டு போய், பந்து வீசும் ஸ்டாஃபோர்டை வீழ்த்தினான். அடுத்த, கடைசி முயற்சியிலும் அவனேதான் போய் இடித்தான். பந்து எங்கோ விழுந்தது. அப்போது அவனுக்கு 23 வயது. பக்கத்து இருக்கைக்காரர் தொப்பியை எடுத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 9ஆம் தேதி சூப்பர் பவுலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன். 2022 சீசனில் நம் அனுபவசாலிகள் 70 முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்து வீசி ஆட்டத்தை நடத்துபவரை, வீழ்த்தினார்கள். அரிசோனாவில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் கன்சாஸ் சிட்டியின் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்தவில்லை. 38-35 என்று தோற்றோம். இரண்டு வருடம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் அதே மஹோம்ஸ் ஆறு முறை தரையில் விழுந்தார். அதுவும் ஃபான்ஜியோ ஒரே ஒரு பிளிட்ஸ்கூட (கூடுதல் ஆட்களைக் குவார்ட்டர்பேக்மேல் பாயவிடுவது) அனுப்பாமல்! டிஜீனுக்கு அன்று 22ஆவது பிறந்தநாள். அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்து எழுந்த மஹோம்ஸ் வலப்பக்கம் ஓடிக்கொண்டே பந்தை நடுவில் வீசினார். டிஜீன் அதைப் பறித்துக்கொண்டு 38 யார்டு ஓடினான். இடைவேளையில் 24-0, முடிவில் 40-22.

ஆனால் ரகு, இளமைதான் ஜெயித்தது என்று நான் சொல்லவரவில்லை. நீயும் அப்படிப் புரிந்துகொண்டு அடுத்த மடலில் என்னைக் கிழிக்காதே. எனக்குப் படுவது இதுதான். முன்வரிசை நால்வர் தாங்களாகவே குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்த முடிந்தால், பின்னால் ஏழு பேர் மிஞ்சுகிறார்கள். ஃபான்ஜியோ சேஃப்டிகள் என்கிற கடைசிக் காவலர்கள் இருவரைப் பின்னால் தள்ளி நிறுத்தி, "உன் தலைக்கு மேலே பந்து போகவிடாதே, முன்னால் பிடித்தவனை உடனே கீழே தள்ளு" என்கிற வகை ஆட்டத்தை ஆடவைக்கிறார். இருபத்திரண்டு வயதுப் பையன் தனியாக முடிவெடுக்க வேண்டிய இடங்கள் குறைந்துவிடுகின்றன. முன்வரிசை ஓட்டையாக இருந்து, பின்னால் இந்தப் பையன்களை நிறுத்தியிருந்தால் டொலீடோவிலிருந்து வந்த மிட்செலை ஊரே சபித்திருக்கும். வழக்கமான சீசனில் அவன் ஒரு பந்தைக்கூடப் பறிக்கவில்லை என்பது உனக்கு நினைவிருக்கிறதா? அவன் பக்கம் வீசினால் பலனில்லை என்று எதிராளிகள் கண்டுகொண்டதுதான் அவன் சாதனை.

இன்னொன்று. "புதிய பிள்ளைகள்" என்கிறாயே, கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ், நகோபி டீன், நோலன் ஸ்மித், ரிங்கோ எல்லோருமே 2021இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அணியில் ஒன்றாக ஆடியவர்கள். வயதில்தான் சின்னவர்கள், ஒருவருக்கொருவர் பழகியவர்கள். இவர்களுக்கு மேலே, 1986இல் இந்த லீகில் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய கிழவர் ஃபான்ஜியோ. போன வாரம்தான் 67 ஆயிற்று. 2013இல் இதே நியூ ஆர்லியன்ஸ் மைதானத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்காகத் தோற்றவர், அங்கேயே ஜெயித்தார். முன்பு சியாட்டில் அணியின் தற்காப்பும் அப்படித்தானே? ஷெர்மனும் சான்சலரும் ஐந்தாம் சுற்றில் கிடைத்தவர்கள். பயிற்சியாளர் பீட் கரோல் கையில் வளர்ந்து, அந்த சீசனில் 606 புள்ளி குவித்த டென்வரை சூப்பர் பவுலில் 43-8 என்று நசுக்கினார்கள்.

ஸ்லே விஷயத்தில்தான் எனக்கு மனது சரியில்லை. மிட்செலுக்கும் டிஜீனுக்கும் அருகே நின்று கற்றுக்கொடுத்தவர் அவர். கோப்பை வந்த மறு மாதமே வழியனுப்பிவிட்டார்கள். கணக்குப்படி சரிதான். புதிதாக வந்தவனுக்கு நான்கு வருடம் நிர்ணயித்த குறைந்த சம்பளம்; வில்லியம்ஸுக்கு நியூ இங்கிலாந்து 10 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கும்போது நாம் எங்கே போவது? எல்லாம் புரிகிறது. ஆனாலும் நம் வேலு நினைவுக்கு வந்துவிட்டான். அவன் நிறுவனத்தில் மூன்று சின்னப் பையன்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். சொல்லிக்கொடுத்தான். ஜூனில் கணினியையும் அடையாள அட்டையையும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். ஐம்பத்தொரு வயதில் நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றான், சொல்கிறேன். நீ தற்செயலாகக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடு. டல்லாஸ் பக்கம் ஏதாவது இருந்தால் பார். என்னிடம் அவன் சரியாகப் பேசுவதில்லை, ஒப்புக்குச் சிரிக்கிறான்.

இப்போது என் கவலை. இதை உன்னைத் தவிர யாரிடமும் ஒப்புக்கொள்ளமாட்டேன். மிட்செல் ஒரு பக்கத்தை அடைத்துவிடுவான். மறுபக்கம்? ஆடோரீ ஜாக்சனா, ரிங்கோவா? எனக்கு இருவர்மேலும் நம்பிக்கையில்லை. உங்களிடம் பந்து பிடிக்க லாம்ப் இருக்கிறார், இப்போது பிட்ஸ்பர்கிலிருந்து பிக்கன்ஸ் வேறு. வியாழன் இரவு உங்கள் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் முதல் கால்மணி நேரத்திலேயே அந்தப் பக்கம் வீசிப் பார்ப்பார், நீயே பார். ஸ்வெட் போன ஓரத்தில் நோலன் ஸ்மித்தும் ஜாலிக்ஸ் ஹன்ட்டும் பாரத்தைத் தாங்க வேண்டும். டீன் முழங்கால் காயத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவன் இடத்துக்கு முதல் சுற்றில் எடுத்த ஜிஹாத் கேம்ப்பெல். தென் ஜெர்சிப் பையன், நம் கடைத்தெருவெல்லாம் அவனைப் பற்றித்தான் பேச்சு. சேஃப்டியில் முகூபா, உங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆள். வில்லியம்ஸ் இடத்துக்கு வரவேண்டிய மோரோ ஓஜோமோவும் அங்கேயிருந்து வந்தவர்தான், ஏழாம் சுற்று. எனக்குத் தெரிந்தவரை அக்டோபர் வரை தடுமாறுவார்கள், பிறகு நிமிர்வார்கள். கார்ட்டர் களத்தில் இருக்கும்வரை எனக்கு அந்தத் தைரியம் உண்டு. அவனுக்கு ஏதாவது ஆனால் என் வாதம் முழுவதையும் கிழித்துப் போட்டுவிடு.

உங்கள் நிலைமைக்கு வருவோம். பார்சன்ஸுக்கு கிரீன் பே 18 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது. உங்கள் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸுக்குக் கிடைத்தது டிராஃப்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் தற்காப்பு வீரர் கென்னி கிளார்க்கும். நீங்களும் இனி மீசை முளைக்காத பிள்ளைகளோடுதான் ஆடப்போகிறீர்கள், ஐயா! நாங்கள் கார்ட்டரை வைத்துக்கொண்டு அவனைச் சுற்றிக் கட்டினோம். நீங்கள் நடுத்தூணை விற்றுவிட்டுக் கட்டப் போகிறீர்கள்.

நவம்பர் 23 ஆட்டம் உங்கள் ஊரில். வேலுவையும் இழுத்துக்கொண்டு வருகிறேன். மூன்று டிக்கெட் பார்த்துவை, மேல் அடுக்கானாலும் பரவாயில்லை. பார்க்கிங் காசு உன் தலையில். அந்த நீலச் சட்டையை எனக்கு முன்னால் போடாதே என்று மாலதியிடம் சொல்லிவிட்டேன், அவள் ஒப்புக்கொண்டாள்.

அன்புடன்,
சேகர்